அங்க என்ன நல்லா இருக்கும்?

மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயரை எடுத்தால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘அங்க என்ன நல்லா இருக்கும்?’ என்பதுதான். சிம்மக்கல் கோனார் மெஸ் என்றால் கறி தோசை. அழகர்கோவில் சாலை அம்மா மெஸ் என்றால் அயிரை மீன் குழம்பு. மேல சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை என்றால் வெள்ளையப்பம். விளக்குத்தூண் பக்கம் போகிறவருக்கு ஜிகர்தண்டா என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தப் பதில்களில் புகழ்ச்சி என்று பார்த்தால் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் கேட்டவருக்கு அங்கே போய் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. சாப்பிட்டுப் பிடிக்காமல் போனால், மறுநாள் சொன்னவரைப் பார்த்து ‘என்னண்ணே, இதையா சொன்னீங்க?’ என்று கேட்கவும் முடிகிறது. ஒரு பண்டத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சொன்னவர் தன் நாக்குக்குப் பொறுப்பேற்றுக்கொண்டுவிடுகிறார். வாடிக்கையாளர் கருத்து என்பதற்கு இதைவிட நல்ல வடிவம் ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இதே மதுரைக்காரர் நட்சத்திர ஹோட்டலின் உணவகத்துக்கோ, பாரோடு சேர்ந்த ரெஸ்டாரண்டுக்கோ குடும்பத்துடன் போய், நாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்து எழுதும் கருத்தைப் பாருங்கள். ‘ஆம்பியன்ஸ் சூப்பர், ஸ்டாஃப் ரொம்ப பொலைட், ஃபுட் குட்’ என்று இருக்கும். ஐந்து ஸ்டார். அல்லது ‘வேஸ்ட், ஓவர் ரேட்’ என்று இருக்கும். ஒரு ஸ்டார். என்ன சாப்பிட்டார் என்பது இரண்டிலும் இல்லை. ஐம்பது ரூபாய்ப் பண்டத்துக்கு அவ்வளவு துல்லியமாகத் தீர்ப்பு சொல்கிற நாக்கு, ஐந்நூறு ரூபாய்ப் பண்டத்துக்கு முன்னால் ஏன் மௌனமாகிறது? விலை உயர்ந்த இடத்தைப் பற்றிய கருத்தும் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காததால் சாப்பிடுகிறவர், சமைக்கிறவர், பரிமாறுகிறவர் என்று மூன்று பேருக்கும் நட்டம். இதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நகரத்து மேல்தட்டு உணவகங்களின் விளம்பரங்களில் இப்போது காஸ்ட்ரோபப் என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. அது பிறந்த இடம் லண்டன், ஃபாரிங்டன் சாலையில் உள்ள தி ஈகிள் என்ற மதுக்கடை. 1991-இல் மைக் பெல்பன், டேவிட் ஏர் என்ற இருவர் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அதுவரை பப் என்றால் குடிக்கப் போகிற இடம். சாப்பாடு அங்கே ஒப்புக்கு இருந்தது. இவர்கள் கண்ணெதிரே அடுப்பை வைத்தார்கள், அன்றன்றைக்கு என்ன உண்டோ அதைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார்கள், பழைய மேசை நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டை ஒழுங்காகப் போட்டார்கள். இதைப் படிக்கும்போது மதுரைக்காரருக்கு என்ன நினைவு வரும்? மெஸ்தான். அடுப்பு வாசலிலேயே எரியும், இன்றைய ஸ்பெஷல் பலகையில் இருக்கும், மேசை பழசு, குழம்பு புதுசு. மதுவை எடுத்துவிட்டால் காஸ்ட்ரோபப்பின் மூல எண்ணமும் நம் மெஸ்ஸின் எண்ணமும் ஒன்றுதான். பிற்பாடு அந்தச் சொல்லை எல்லோரும் எடுத்துப் போர்த்திக்கொண்டதால், பிரிட்டனின் குட் ஃபுட் கைடு என்ற உணவக வழிகாட்டி நூல் தன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் சொல்லையே கைவிட்டது.

தமிழ்நாட்டில் அந்தக் காஸ்ட்ரோபப் எண்ணம் தலைகீழாக வந்து இறங்கியதற்கு நம் மதுச் சட்டத்தின் வரலாறும் ஒரு காரணம். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் அது தளர்ந்தது, 1974-இல் திரும்பி வந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவானது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இன்றைக்கு ஒருவர் டவுன்ஹால் ரோட்டில் இடம் பிடித்து, நல்ல சமையல்காரரை வைத்து, சாப்பாட்டோடு பீரும் தருகிறேன் என்று தனிக் கடை போட முடியாது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார், கிளப், எஃப்.எல். 3 உரிமம் பெற்ற நட்சத்திர ஹோட்டல் என்ற வழிகள்தாம் உண்டு. டாஸ்மாக் பாரில் சாப்பாடு என்பது சைடு டிஷ். அவித்த முட்டையும் சுண்டலும் ஊறுகாயும். ஆக, நல்ல சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்றால் நட்சத்திர ஹோட்டலுக்குள்தான் போக வேண்டும். ஹோட்டல்காரருக்கோ முதல் சரக்கு அறை, இரண்டாவது கல்யாண மண்டபம், அதற்கப்புறம்தான் அடுக்களை. இடத்தை விற்கிற ஒரு தொழிலின் உள்ளே உணவகம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வாடிக்கையாளரும் இடத்தைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிடுகிறார்.

இடமும் பேச வேண்டிய விஷயம்தான், அதை மறுக்கவில்லை. பசுமலை மேலிருக்கும் ஹோட்டலில் உட்கார்ந்தால் ஊரே காலடியில் விரிகிறது, தூரத்தில் மீனாட்சியம்மன் கோபுரங்கள் தெரிகின்றன. கோச்சடையில் இருப்பது இலங்கையின் பெரிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, மதுரா கோட்ஸ் மில் அதிகாரிகளுக்காக 1970-களில் வடிவமைத்த கிளப். இன்று அதுவும் ஹோட்டல். அந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்த யாரும் மரத்தைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் மலையையும் மரத்தையும் பற்றி ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று. அவை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு வந்த மட்டன் சுக்கா எப்படி இருந்தது என்பதுதான் அடுத்து போகிறவருக்குத் தெரியாத செய்தி.

ஒரு பண்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி என்பதற்குக் கறி தோசையையே எடுத்துக்கொள்வோம். கல்லில் மாவு ஊத்தப்பத் தடிமனுக்கு விழுகிறது. மேலே முட்டையை அடித்து ஊற்றுகிறார்கள். முட்டை முழுதும் இறுகுவதற்கு முன், ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அதன்மேல் பரப்புகிறார்கள். ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு, தோசைக்கரண்டியால் ஒரே திருப்பு. கறி கல்லில் படுகிறது. இந்த மூன்று அடுக்கில் எங்கே வேண்டுமானாலும் தப்பு நடக்கலாம். திருப்பியது முந்திவிட்டால் முட்டை வழியும், பிந்திவிட்டால் கறி ஒட்டாமல் தட்டில் உதிரும். மாவு புளித்திருந்தால் குழம்பின் காரத்தோடு சண்டை போடும். கறி அன்று காலையில் வெந்ததா, முதல் நாளே வெந்து மறுபடி சூடானதா என்பது மென்றவுடன் தெரியும். மதுரையில் பள்ளிக்கூடப் பையன்கூட இதைச் சொல்லிவிடுவான். ‘முட்டை சரியா புடிக்கல, கறி மட்டும் நல்லா இருந்துச்சு’ என்பது ஏழே சொல். கல்லில் நிற்கிறவர் அதைக் கேட்டால், அடுத்த தோசையைத் திருப்பும் நேரத்தை மாற்றிக்கொள்வார்.

இதே கறி தோசை பெரிய ஹோட்டலின் மெனுவில் வேறு பெயரில், வெள்ளைப் பீங்கானில், பக்கத்தில் ஒரு கொத்து மல்லித்தழையோடு வந்தால், அதே கேள்விகளைக் கேட்க நமக்கு என்ன தடை? அதைச் செய்கிறவருக்கும் கல்லும் முட்டையும் கறியும்தானே. அந்தச் சமையலறையில் இருப்பவர்களும் நல்ல சமையல்காரர்கள். ‘ஃபுட் குட்’ என்ற பாராட்டு அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை. ‘வேஸ்ட்’ என்ற வசவும் அப்படியே. இரவு பதினொரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, பத்து வகைப் பண்டத்தில் எது சரியாக வந்தது, எது தவறியது என்று தெரியாமலே அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். பெரிய ஹோட்டலுக்குப் போகிறவர் சாப்பாட்டுக்காக மட்டும் போகவில்லை. ஏசியில் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார, யாரும் ‘எந்திரிங்க, அடுத்த ஆள் நிக்குது’ என்று சொல்லாமல் பேச, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தைக் கொண்டாடப் போகிறார். அந்த அனுபவத்துக்கும் சேர்த்துத்தான் காசு. நியாயம். அதிலும் பார் இருக்கும் இடம் என்றால், மதுரையில் பெண்கள் முதலில் கேட்பது ‘ஃபேமிலியோட போகலாமா?’ என்பதைத்தான். அது சாப்பாட்டைவிடப் பெரிய கேள்வி, அதைக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்குப் பலம்தான் சேர்க்கிறது. ‘ஆம்பியன்ஸ் சூப்பர்’ என்ற சொல் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லையே! பாரும் சாப்பாட்டு ஹாலும் தனித்தனியா, ஒரே வாசலா? சனிக்கிழமை ராத்திரி பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்குமா? முழங்கால் வலிக்காரப் பாட்டி ஏற எத்தனை படி, லிஃப்ட் உண்டா? கழிப்பறை சுத்தமா? குழந்தைக்குக் காரமில்லாமல் செய்து தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தருகிறார்களா? இடத்தைப் பற்றி எழுதுவதானாலும் இப்படிப் பொருளாக எழுதினால் அது கருத்து; இல்லாவிட்டால் அது வெறும் உற்சாகம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஒருவர் இருவர் எழுதினால்தானே பிரச்சினை, இரண்டாயிரம் பேர் போட்ட ஸ்டாரின் சராசரி தப்பாகுமா என்று கேட்பார்கள். ஊர் வாய் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான் இது. ஆனால் அந்த 4.2 என்ற எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கோயில் பார்க்க வந்து, அறையில் தூங்கி, காலை பஃபே சாப்பிட்ட வெளியூர்க்காரர் இருக்கிறார். முகூர்த்தத்துக்கு வந்து மண்டபத்துச் சாப்பாட்டுக்கு ஸ்டார் போட்டவர் இருக்கிறார். வண்டி நிறுத்த இடமில்லை என்று கோபித்துத் திரும்பியவர் இருக்கிறார். மட்டன் சுக்காவைச் சாப்பிட்ட ஆள் இவர்களில் பத்தில் ஒருவராக இருந்தாலே அதிகம். நால்வரின் உயரம், எடை, வயது, சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் உண்டோ, அந்த அர்த்தம்தான் இதற்கும்.

பொய்யும் இதில் சுலபமாகக் கலக்கிறது. 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பாராட்டு எழுத வைத்தார். அடுப்பே எரியாத அந்தக் கடை சில மாதங்களில் லண்டன் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாராட்டுகளால் அது முடிந்ததற்குக் காரணம், ஆம்பியன்ஸைப் பற்றி யாரும் எதையும் எழுதலாம் என்பதே. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையான ஆளா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல முயற்சி. ஆனாலும் எந்தத் தரநிலையையும்விட ஒரு பண்டத்தின் விவரம் பொய்யை வேகமாகக் காட்டிக்கொடுக்கும். சாப்பிடாதவருக்கு முட்டை கறியில் பிடித்ததா என்று எழுத வராது.

இதெல்லாம் பொழுதுபோக்கு, யார் என்ன எழுதினால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூக்கா சியாட்டில் நகர உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அவர் கண்டார். முக்கியமான விஷயம், இந்த விளைவு தனி ஆள் நடத்தும் கடைகளில்தான் தெரிந்தது. பல ஊர்க் கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களில் தெரியவில்லை. பெயர் பெற்ற சங்கிலிக் கடைக்கு உங்கள் ஒரு ஸ்டார் உறைக்காது. அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ கடன் வாங்கிப் புதிதாக ஒரு நல்ல உணவகம் போட்டவருக்கு உறைக்கும். அவ்வளவு சக்தியுள்ள ஒன்றை, பில் வர நேரமானது என்ற ஒரே கோபத்தில் தட்டிவிடுவது சரியில்லை.

பரிமாறுகிறவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய உணவகங்களில் பில்லோடு ஒரு கியூஆர் அட்டை வருகிறது. ‘ஒரு ரிவ்யூ போடுங்க சார், என் பேரையும் எழுதுங்க சார்’ என்று அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ கேட்டரிங் படித்துவிட்டு வந்தவனாக இருப்பான். நாமும் இரக்கப்பட்டு அவன் பெயரோடு ஐந்து ஸ்டார் போடுகிறோம். அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அவன் பெயரை எழுதுங்கள். ஆனால் அவன் சிரித்த முகம் அடுக்களையின் குறையை மூடிவிடுகிறது என்பதையும், அதேபோல அடுக்களை தாமதித்ததற்கு ஒரு ஸ்டார் விழும்போது திட்டு வாங்குவது அவன்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘சாப்பாடு வர முக்கால் மணி நேரம் ஆனது, பரிமாறியவர் இரண்டு முறை வந்து மன்னிப்புக் கேட்டார், நண்டு மசாலா உப்பு கூடுதல்’ என்று பிரித்து எழுதினால் எது யாருடைய தவறு என்று தெரியும். மொத்தமாக எழுதினால் மேலே செய்த தவறுக்குக் கடைசி ஆள் விலை கொடுக்கிறார்.

நாங்கள் என்ன விமர்சகர்களா, எங்களுக்கு இதெல்லாம் எழுதத் தெரியுமா என்று சிலர் ஒதுங்குவார்கள். மேலே சொன்ன குட் ஃபுட் கைடு 1951-இல் ரேமண்ட் போஸ்ட்கேட் என்பவரால் தொடங்கப்பட்டது, பிரிட்டனில் ரேஷன்கூட முழுதும் நீங்காத காலம். அவரிடம் சம்பளத்துக்கு விமர்சகர்கள் இல்லை. சாதாரண ஆட்கள் தங்கள் காசில் சாப்பிட்டு, என்ன சாப்பிட்டோம், எப்படி இருந்தது, எவ்வளவு ஆயிற்று என்று கடிதம் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களை வைத்தே நூல் உருவானது. அந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளைத் திருத்தியதில் அந்தக் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு சட்னியில் எதில் இன்று தேங்காய் பழசு என்று இட்லிக் கடையில் சொல்லிவிடுகிற ஊருக்கு, இந்த வேலை புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை.

காசு விஷயத்திலும் இதே துல்லியம் வேண்டும். ‘ஓவர் ரேட்’ என்று எழுதுகிறவர் பில்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கிற உணவகத்தில் பொதுவாக ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே இருக்கும் சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். அது அரசாங்கத்துக்குப் போகிற பணம், சமையல்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மது ஜி.எஸ்.டி.யில் வராது, அதற்கு மாநில வரி தனி. ஆனால் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை தானாக ஏறியிருந்தால் அது வேறு விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதலை ஏற்றுத் தீர்ப்பளித்தது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எடுக்காவிட்டால் அதைக் கருத்தில் எழுதுங்கள். அது அடுத்தவருக்கு உண்மையான உதவி.

நேரத்தையும் எழுத வேண்டும். இது தூங்கா நகரம். ராத்திரி பன்னிரண்டுக்கும் பரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கும் ஊர். மத்தியானம் ஒரு மணிக் குழம்பும் இரவு பத்தரை மணிக் குழம்பும் ஒன்றல்ல என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஹோட்டல் அடுக்களைக்கும் அதே விதிதான்.

ஆகவே, இந்த வாரம் அப்படி ஓர் இடத்துக்குப் போய் வந்து நாலு வரி எழுதுவதாக இருந்தால், ஸ்டாரைத் தொடுவதற்கு முன் எந்தப் பண்டம், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், பில் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் மனம் போல எழுதுங்கள். இந்தப் பதிவின் கீழேயும் எழுதலாம்: மதுரையின் பெரிய ஹோட்டல் எதிலாவது, மெஸ்ஸுக்கு இணையாக ஒரு பண்டம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள்.